விழாப் படங்களுக்கு எந்த டெலிஜூம்?

டெலிஜூம் என்பது பொதுவாக 70 மி.மீ. அளவில் தொடங்கி 200 அல்லது 300 மி.மீ. வரை நீளும் லென்ஸ். கல்யாணம், அரங்கேற்றம், கச்சேரி, பள்ளி ஆண்டு விழா, பொதுக்கூட்டம் என்று எந்த நிகழ்ச்சியானாலும் மேடைக்குப் பக்கத்தில் போக முடியாத நேரம் ஒன்று கட்டாயம் வரும். அந்த நேரத்துக்காக வாங்கப்படும் லென்ஸ் இது. கடையில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது. பறவைகளைப் படம் எடுப்பவருக்கு அது சரியான கேள்வி. விழா வேலைக்கு வருபவர் அதற்கு முன் வேறு இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிகழ்ச்சி நடக்கும்போது எந்த இடத்தில் நிற்க முடியும், அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் கடைக் கண்ணாடி அலமாரியில் உள்ள லென்ஸ்களில் முக்கால்வாசி தானாகவே விலகிவிடும்.

தூரத்தைக் கணக்கிடுதல்

எந்தத் தூரத்துக்கு எத்தனை மி.மீ. தேவை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. மேடைக்கு உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து 36ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், படத்தின் நீளவாட்டில் எத்தனை மீட்டர் அடங்கும் என்று வந்துவிடும். 10 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸ் 1.8 மீட்டர் அகலத்தையும் 1.2 மீட்டர் உயரத்தையும் பிடிக்கும். அதே இடத்தில் 70 மி.மீ. லென்ஸுக்கு 5 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் அடங்கும். ஒரு நடுத்தர மணவறை ஏறக்குறைய முழுதாக வந்துவிடும்.

பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கின் பயன் தெளிவாகத் தெரியும். கையை உயர்த்தி நிற்கும் நடனமணியின் முழு உருவத்துக்கும், மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, 2.5 மீட்டர் உயரம் வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் நீளவாட்டமான 36 மி.மீ. உயரமாக அமையும். மேடையின் முன்விளிம்பிலிருந்து 8 மீட்டர் தள்ளி, நடைபாதை ஓரத்தில் இடம் கிடைத்திருக்கிறது, மேடையின் ஆழம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நடனமணி முன்விளிம்புக்கு வரும்போது 115 மி.மீ. போதும். பின்திரை வரை போய் நிற்கும்போது 200 மி.மீ. தேவைப்படும். ஒரே ஜதிக்குள் அவர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே போய் வருகிறார். விழாக்களுக்கு ஒற்றைக் குவிய லென்ஸைவிட ஜூம் ஏன் விரும்பப்படுகிறது, அதிலும் 70-200 என்ற அளவு ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கச்சேரியில் கணக்கு சற்று மாறும். பாடகர் உட்கார்ந்தே இருப்பார். இடுப்புக்கு மேல் உள்ள உருவத்துக்கு ஒரு மீட்டர் உயரம் போதும். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் 8 மீட்டரில் 192 மி.மீ. வேண்டும். அதாவது முன்வரிசைகளை ஒட்டிய இடம் கிடைத்தால் 200 மி.மீ. சரியாக இருக்கும். அரங்கின் கடைசியில், 20 மீட்டரில் நிறுத்தப்பட்டால் அதே படத்துக்கு 480 மி.மீ. தேவை, எந்த 70-200 லென்ஸும் அங்கே உதவாது. இப்படிப்பட்ட இடத்தில் 100-400 போன்ற லென்ஸ் தேவையா, அல்லது அமைப்பாளரிடம் பேசி முன்னால் ஓர் இடம் வாங்குவது நல்லதா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் பேசிப் பார்ப்பதே நல்ல வழி. பத்து மீட்டர் முன்னால் நகர்வது தரும் பலனை எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் தராது.

கல்யாண மண்டபத்தில் சிக்கல் வேறு மாதிரி. முகூர்த்த நேரத்தில் மேடையில் உறவினர், வீடியோக்காரர், அட்சதை தூவ நெருங்குபவர்கள் என்று கூட்டம் அடைத்துக்கொள்ளும். மேடைமேல் நிற்பவருக்கு 24-70 அளவே போதும். இரண்டாவது கேமராவோடு கீழே நிற்பவருக்குத்தான் டெலிஜூம் தேவைப்படும். 5 மீட்டரிலிருந்து மணமக்கள் இருவரையும் மார்பளவில் 1.2 மீட்டர் அகலத்துக்குள் அடைக்க 150 மி.மீ. வேண்டும். தாலி கட்டும் கைகளையும் மணப்பெண்ணின் முகத்தையும் மட்டும் பிடிக்க 200 வரை போகலாம். 300 மி.மீ. தேவைப்படும் தருணம் மண்டபத்துக்குள் மிக அரிது. ஆகவே கல்யாணமே முக்கிய வேலை என்பவர் நீளத்தை நாடிப் போய் அபெர்ச்சரைக் கைவிடுவது வீண்.

ஏற்கனவே ஒரு ஜூம் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இன்னும் நம்பகமான வழி இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த படங்களை மட்டும் குவியத்தூரப்படி பிரித்துப் பார்த்தால், உண்மையில் எந்த அளவு அதிகம் பயன்பட்டது என்பது தெரியும். படங்கள் லென்ஸின் கடைசி முனையில் வந்து குவிந்திருந்தால் அதைவிட நீளமானது தேவை. 85-க்கும் 135-க்கும் இடையில் குவிந்திருந்தால், புது லென்ஸுக்குச் செலவிடும் பணம் அபெர்ச்சருக்குப் போக வேண்டும்.

வெளிச்சமும் அபெர்ச்சரும்

மண்டபத்தில் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் வெளிச்சம் கேமராவுக்கு மிகக் குறைவு. ஒரு மேடையில் எஃப்/2.8, ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ 3200 என்று அளவீடு வருவதாகக் கொள்ளலாம். அதே ஷட்டர் வேகத்தில் எஃப்/4 லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். எஃப்/5.6 என்றால் 12,800. குவியத்தை நீட்ட நீட்ட அபெர்ச்சர் சுருங்கும் 70-300 வகை லென்ஸ்களில் பல, கடைசி முனையில் எஃப்/6.3 வரை இறங்கும். அப்போது ஐஎஸ்ஓ 16,000-ஐத் தொடும். இன்றைய ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் 6400-ஐ எளிதாகத் தாங்கும். 12,800-இல் பட்டுப்புடவையின் ஜரிகையும் முகத்தின் தோல் நிறமும் மங்கத் தொடங்கும். அதற்கு மேல் போனால், இரைச்சல் நீக்கும் மென்பொருள் கைகொடுத்தாலும், ஆயிரக்கணக்கான படங்களை அதில் ஓட்டுவதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிளாஷ் இருக்கிறதே என்ற எண்ணம் தொலைவில் செல்லாது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 3 மீட்டரில் விழும் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் 12 மீட்டரில் விழும். உயரமான கூரையில் ஒளியை மோதவிட்டு எடுக்கும் பழக்கமும் அந்தத் தூரத்தில் எடுபடாது. நடன அரங்குகளிலும் சபாக்களிலும் பல இடங்களில் பிளாஷுக்கு அனுமதியே கிடையாது. கலைஞரின் கவனத்தைக் கலைக்கும் என்பதால் அந்தத் தடை நியாயமானது. வரவேற்பு மேடையின் இரு பக்கமும் குடை லைட் நிறுத்தி ரிமோட் ட்ரிக்கரால் இயக்கும்போது மட்டும் இந்தக் குறை நீங்குகிறது. அப்போது எஃப்/4 லென்ஸும் எஃப்/2.8 லென்ஸும் ஏறக்குறையச் சமமாகிவிடும். வேலையில் பெரும்பகுதி இப்படி நடக்கும் ஸ்டூடியோவுக்கு எஃப்/4 லென்ஸ் தாராளமாகப் போதும்.

ஷட்டர் வேகத்தை எவ்வளவு இறக்கலாம் என்பது மேடையில் இருப்பவரைப் பொறுத்தது. மைக்முன் நின்று பேசுபவருக்கு 1/200 போதும். அபிநயத்துக்கு 1/250. தாவிக் குதிக்கும் அடவுகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் குழு நடனத்துக்கும் 1/500-க்குக் கீழே போனால் கையும் காலும் கலங்கிவிடும். 1/500 தேவைப்படும் அதே மேடையில்தான் விளக்குகள் சிவப்பும் நீலமுமாக மங்கி மங்கி மாறிக்கொண்டிருக்கும். நடனத்தை முக்கிய வேலையாகக் கொண்டவருக்கு எஃப்/2.8 ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

அபெர்ச்சரின் இன்னொரு பயன் ஃபோகஸில் தெரியும். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் நடுப்புள்ளி உள்ளிட்ட சில ஃபோகஸ் புள்ளிகள் எஃப்/2.8 அல்லது அதைவிட அகன்ற லென்ஸ் இருந்தால் மட்டுமே முழுத் துல்லியத்தோடு இயங்கும். மிரர்லெஸ் கேமராக்களிலும், மங்கிய ஒளியில் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் வைத்தால் ஃபோகஸ் தேடித் தேடித் தடுமாறுவது குறையும்.

எஃப்/2.8-க்கு ஒரு விலையும் உண்டு. 200 மி.மீ., எஃப்/2.8, 5 மீட்டர் என்றால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. மணமகன் முகம் கூர்மையாக இருக்கும். ஒரு கை தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மணமகள் முகம் மெத்தென்று போய்விடும். தாலி கட்டும் படத்தில் இருவரும் தெளிவாக வர வேண்டும் என்றால் எஃப்/4 அல்லது எஃப்/5.6-க்கு மூடத்தான் வேண்டும். அப்படி மூடும்போது எஃப்/2.8 லென்ஸுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் பயன்படாமல் கிடக்கிறது. ஒருவர் மட்டும் இருக்கும் படங்களில்தான் அகன்ற அபெர்ச்சர் தன் முழு மதிப்பைக் காட்டும். 10 மீட்டருக்குப் பின்வாங்கினால் அதே அமைப்பில் ஆழம் 40 செ.மீ.க்கு மேல் விரிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பின்னணி

மண்டப மேடையின் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி, வீடியோ லைட்டின் ஒயர், செல்போனை உயர்த்திப் பிடித்த கைகள் எல்லாம் இருக்கும். நீண்ட குவியத்தூரம் பின்னணியில் மிகக் குறுகிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தாலே நாற்காலி போய் மலர் அலங்காரம் வந்துவிடும். டெலிஜூம் வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் இந்தச் சிறு நகர்வுதான். அபெர்ச்சர் அதற்கு அடுத்த நிலையில் உதவும். எஃப்/4 லென்ஸை 200-இல் வைத்துச் சரியான பின்னணியைத் தேர்ந்தவரின் படம், எஃப்/2.8 லென்ஸை 85-இல் வைத்துக் கவனமின்றி எடுத்தவரின் படத்தைவிட சுத்தமாக இருக்கும்.

சில லென்ஸ்கள் அருகில் ஃபோகஸ் செய்யும்போது பெயரளவில் 200 மி.மீ. என்றாலும் அதைவிடக் குறைந்த நெருக்கத்தையே தருகின்றன. 2009-இல் வந்த நிக்கான் 70-200 எஃப்/2.8 விஆர் II இதற்குப் பேர்பெற்றது. அதன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரத்தில் கிடைக்கும் படம் ஏறக்குறைய 135 மி.மீ. லென்ஸின் படம்போல இருக்கும். 2016-இல் வந்த அடுத்த பதிப்பில் இது பெரிதும் சரிசெய்யப்பட்டது. செகண்ட்-ஹேண்டில் வாங்குபவர் இதை அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் மருதாணிக் கை, மோதிரம், நகை என்று அருகிலிருந்து எடுக்கும் படங்கள் கல்யாண ஆல்பத்தில் கணிசமாக இடம்பெறுகின்றன.

நடுக்கம் தடுக்கும் வசதி

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத்தூரத்தின் தலைகீழுக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி, 200 மி.மீ.க்கு 1/200. லென்ஸுக்குள் அல்லது கேமரா பாடிக்குள் உள்ள நடுக்கத் தடுப்பு இந்த எல்லையைப் பல மடங்கு தளர்த்துகிறது. ஆனால் அது தடுப்பது பிடிப்பவரின் கை நடுக்கத்தை மட்டுமே. ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது. நடனம் எடுப்பவர் எப்படியும் 1/500-இல் இருப்பதால் அவருக்கு இந்த வசதியின் தேவை குறைவு.

இந்த வசதி மிகவும் கைகொடுக்கும் இடம் வேறு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகளும் தரம் குறைந்த எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. வேகமான ஷட்டரில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். கச்சேரியில் சத்தம் வராமலிருக்க எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். 1/100-க்கு இறங்கினால் அது பெரும்பாலும் மறையும். 200 மி.மீ. லென்ஸை 1/100-இல் கையில் பிடிக்க நடுக்கத் தடுப்பு வேண்டும். பாடகர் ஒரு ஸ்வரத்தில் நிலைத்து நிற்கும் நொடிக்கு இந்த வேகம் போதும். மேடையின் பின்னால் உள்ள எல்இடி திரை வேறு வேகத்தில் மினுங்கக்கூடும் என்பதால் நிகழ்ச்சிக்கு முன் சில சோதனைப் படங்கள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

லென்ஸில் இந்த வசதி இல்லையென்றால் பாடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிக்கான் இசட் 70-180 எஃப்/2.8 லென்ஸில் தடுப்பு கிடையாது. நிக்கானின் ஃபுல் ஃப்ரேம் இசட் பாடிகளில் அது இருப்பதால் குறை தெரியாது. அதே லென்ஸை இசட்50 பாடியில் பூட்டினால் இரண்டு பக்கமும் தடுப்பு இல்லாமல் போகும். கேனான் ஆர்8, ஆர்10, சோனி ஏ6400 போன்ற பாடிகளிலும் உள்தடுப்பு இல்லை. இந்தக் கேமராக்களை வைத்திருப்பவர் லென்ஸில் அந்த வசதி உண்டா என்பதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எடை

விடிகாலை முகூர்த்தத்தில் தொடங்கி மாலை வரவேற்பு முடியும்வரை கேமரா தோளிலும் கையிலும்தான் இருக்கும். பழைய எஃப்/2.8 லென்ஸ் ஒன்றரைக் கிலோ. பாடியும் பிளாஷும் சேர்ந்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். பலர் இன்னொரு கேமராவையும் மாட்டிக்கொண்டிருப்பார்கள். மணிக்கட்டு வலி வந்த பிறகு யாரும் நல்ல படம் எடுப்பதில்லை. சோர்ந்த கை கேமராவைத் தாமதமாகத் தூக்கும். கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகள் யாருக்காகவும் காத்திருக்காது.

கடந்த சில ஆண்டுகளில் இந்த விஷயத்தில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. சோனியின் முதல் 70-200 எஃப்/2.8 ஜிஎம் 1,480 கிராம். 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். கேனானின் இஎஃப் வரிசை லென்ஸ் 1,480 கிராம் இருந்தது, 2019-இன் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 1,070 கிராமுக்கு இறங்கியது. நிக்கான் இசட் 70-200 எஃப்/2.8 மட்டும் ட்ரைபாட் வளையம் இல்லாமலேயே 1,360 கிராம். எடை குறைந்ததற்குக் கேனான் கொடுத்த விலை, ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளும் அமைப்பு. பையில் குட்டையாக அடங்கும், பயணத்துக்கு வசதி. ஆனால் 200-க்கு நீட்டும்போது எடை முன்னால் சாயும். உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸ்களில் சமநிலை மாறாது. மோனோபாட்டில் பொருத்தி மணிக்கணக்கில் கச்சேரி எடுப்பவர் இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்வார். 2024-இல் கேனானே உள்ஜூம் கொண்ட ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 இசட் என்ற இன்னொரு லென்ஸைக் கொண்டுவந்தது.

எந்த வகை யாருக்கு

70-200 எஃப்/2.8 லென்ஸே பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம். அரங்க நிகழ்ச்சிகள், பிளாஷ் இல்லாத கேண்டிட் படங்கள், நடனம் ஆகியவற்றில் வருமானம் பார்ப்பவர் வேறெதையும் முதலில் வாங்கி, பிறகு விற்று, மறுபடி இதை வாங்குவதில் பணம்தான் கரையும். சொந்த நிறுவன லென்ஸ் எட்டாத விலையில் இருந்தால் சோனி இ-மவுன்ட்டுக்கும் எல்-மவுன்ட்டுக்கும் 2023-இல் வந்த சிக்மா 70-200 எஃப்/2.8 டிஜி டிஎன் உண்டு, எடை 1.3 கிலோவுக்கு மேல். சோனி பாடிகளில் பிற நிறுவன லென்ஸ்களுக்கு நொடிக்கு 15 படங்கள் என்ற வரம்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு அது தடையே ஆகாது.

டாம்ரான் 70-180 எஃப்/2.8 இந்தியச் சூழலுக்கு மிகப் பொருத்தமான லென்ஸ்களில் ஒன்று. 200-க்குப் பதில் 180-இல் நின்றுவிடும். அந்த 20 மி.மீ.யை யாரும் தேடப்போவதில்லை. 2020-இல் வந்த முதல் பதிப்பு 810 கிராம், நடுக்கத் தடுப்பு இல்லை. 2023-இன் ஜி2 பதிப்பில் தடுப்பு சேர்ந்தது, எடை 855 கிராம். தொடக்க நிலையில் உள்ள சோனி பயனாளருக்கு முதலில் காட்ட வேண்டிய லென்ஸ் இது.

எஃப்/4 லென்ஸ்கள் பகல்நேர வேலைக்கும், மேடை லைட் போட்டு எடுக்கும் ஸ்டூடியோக்களுக்கும், எடை தாங்க முடியாதவர்களுக்கும் உரியவை. கேனான் ஆர்எஃப் 70-200 எஃப்/4 வெறும் 695 கிராம். சோனியின் 70-200 எஃப்/4 இரண்டாம் பதிப்பு (2023) பொருளின் பாதி அளவை சென்சாரில் விழச்செய்யும் அளவுக்கு நெருங்கி எடுக்கும்; நகைப் படங்களுக்குத் தனி மேக்ரோ லென்ஸ் வாங்கும் தேவையை அது பெரும்பாலும் தீர்த்துவிடும். ஒரே லென்ஸ் இரண்டு வேலை செய்யும் இந்தச் சேர்க்கை, சிறிய ஸ்டூடியோவின் கணக்குப் புத்தகத்தில் எஃப்/2.8-ஐவிட மேலாக நிற்கக்கூடும்.

35-150 எஃப்/2-2.8 என்ற டாம்ரான் லென்ஸ் (2021) வேறு சிந்தனையில் பிறந்தது. 1,165 கிராம் எடையில், ஒற்றைக் கேமராவோடு கல்யாணம் முழுவதையும் எடுக்க முயல்பவருக்கு இது ஏற்றது. குடும்பக் குழுப்படத்திலிருந்து மணமகளின் முகம்வரை லென்ஸைக் கழற்றாமல் போகலாம். நடுக்கத் தடுப்பு இல்லை, 150-க்கு மேல் எட்டாது. இரண்டாவது ஆளோ இரண்டாவது பாடியோ இல்லாதவர் இதை வாங்கினால் வருத்தப்பட மாட்டார். நடனத்துக்கும் பெரிய அரங்குக்கும் இது குட்டை. 2025-இல் சோனி 50-150 எஃப்/2 லென்ஸை வெளியிட்டது. இருட்டு மேடைகளில் ஒரு முழு ஸ்டாப் கூடுதல் ஒளி என்பது பெரிய விஷயம், விலையும் அதற்கேற்ப மிக உயரத்தில்.

70-300, 100-400 போன்ற மாறும் அபெர்ச்சர் லென்ஸ்கள் சூரிய வெளிச்சத்துக்கானவை. தேர்த் திருவிழாவை மாடியிலிருந்து எடுக்கவும், பள்ளி விளையாட்டு விழாவுக்கும், பகல் ஊர்வலத்துக்கும் இவை நன்றாக உழைக்கும். சித்திரை வெயிலில் நூறு மீட்டருக்கு அப்பால் உள்ளதை எடுத்தால் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று படத்தைக் குழப்பிவிடும். அது லென்ஸின் குற்றமாகாது. காலை ஒளியில் எடுப்பதே அதற்கு மருந்து.

கிராப் சென்சார் வைத்திருப்பவர்

ஏபிஎஸ்-சி கேமராவில் 70-200 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 105-300 தரும் நெருக்கத்தைத் தரும். கேனானில் இன்னும் சற்றுக் கூடுதல். அரங்குக்கு இது லாபம். மண்டபத்தில் சுவர் முதுகில் இடிக்கும் வரை பின்வாங்கினாலும் தம்பதியர் முழுதாக அடங்காத நிலை வரும். இந்தச் சென்சாருக்கென்றே வந்த ஃபியூஜி 50-140 எஃப்/2.8 (2014, 995 கிராம்) ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 76-213-க்குச் சமம். சிக்மா 50-100 எஃப்/1.8 (2016) ஒன்றரைக் கிலோ கனமென்றாலும், கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்போருக்கு மங்கிய மேடையில் கிடைக்கும் மிகச் சிறந்த கருவிகளில் ஒன்று. கேமராவோடு இலவசமாக வந்த 55-250 லென்ஸை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வெளிப்புற நிகழ்ச்சிகளில் அதன் படம் நன்றாகவே இருக்கும், எந்தக் குவியத்தூரம் உண்மையில் தேவை என்பதையும் அது செலவின்றிக் கற்றுக்கொடுக்கும்.

200 போதாதபோது

கன்வெர்ட்டர் ஒரு வழி. 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கும். 2019-இன் கேனான் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 கன்வெர்ட்டரை ஏற்காது. சோனி மவுன்ட்டில் டாம்ரான் லென்ஸ்களுக்கும் இந்த வழி அடைபட்டது. வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பலருக்கும் தேவைப்படுவது இதைவிட எளிய வழி: எடுத்த படத்தை வெட்டிக்கொள்வது. 200 மி.மீ. எஃப்/2.8-இல் எடுத்த படத்தை 300-க்கு இணையாக வெட்டினால், இரைச்சலிலும் ஃபோகஸ் ஆழத்திலும் அது ஏறத்தாழ 300 மி.மீ. எஃப்/4.2 லென்ஸின் படத்துக்குச் சமம். எஃப்/6.3-இல் நிற்கும் 70-300 லென்ஸைவிட இது ஒளியில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் முன்னால் இருக்கிறது. 24 மெகாபிக்ஸல் படம் இப்படி வெட்டியபின் 10 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல் மிஞ்சும். கல்யாண ஆல்பத்தில் வழக்கமான 12×36 அங்குலத் தாளின் ஒரு பாதியை, அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் நிரப்ப 8.6 மெகாபிக்ஸல் போதும். மண்டபத்துக்குள் நீளமான லென்ஸா, அகன்ற அபெர்ச்சரா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே விடை சொல்லிவிடுகிறது.

பழைய லென்ஸ் வாங்கும்போது

கேனான் ஆர்எஃப் பாடி வைத்திருப்பவர் இஎஃப் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பை (2010) அடாப்டரோடு வாங்குவது மிகச் சிக்கனமான வழி. ஃபோகஸ் முழுமையாக இயங்கும். நிக்கானில் கவனம் தேவை. லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வரிசை, இசட் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டரோடு ஆட்டோஃபோகஸ் செய்யாது. ஏஎஃப்-எஸ் வரிசைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடற்கரை ஊர்களில் பழைய லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. இரண்டு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சரை முழுதும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல நூல்நூலாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. ஓரிரு தூசித் துகள் படத்தைப் பாதிக்காது. நடுக்கத் தடுப்பை இயக்கிக் காதருகே வைத்துக் கேட்டால் மெல்லிய ரீங்காரம் இருக்கலாம். கடகடவென்ற சத்தமோ வ்யூஃபைண்டரில் படம் துள்ளுவதோ பழுதின் அறிகுறி. ஜூம் வளையம் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் லென்ஸ் கீழே விழுந்திருக்க வாய்ப்புண்டு.

வாங்குவதற்கு முன் சோதனை

பெரிய நகரங்களில் லென்ஸ்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு முழுக் கல்யாணத்துக்கு வாடகை லென்ஸைக் கொண்டுபோவது, கடையில் அரை மணி நேரம் திருப்பிப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும். முக்கியமாக எடையைப் பற்றி. புதிதாக வாங்கினால் பில்லோடும் இந்திய வாரண்டியோடும் வாங்க வேண்டும். வந்தவுடன் செங்கல் சுவர் அல்லது சுவரில் ஒட்டிய செய்தித்தாளுக்கு நேராக ட்ரைபாட்டில் நிறுத்தி, 70, 135, 200 ஆகிய அளவுகளில் முழு அபெர்ச்சரில் படம் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட வேண்டும். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிடத் தெளிவாக மங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது; மாற்றிக் கேட்கலாம். பிறகு மங்கிய அறையில், நடந்து வரும் ஒருவரைத் தொடர் ஃபோகஸில் வைத்து இருபது முப்பது படங்கள் எடுத்து, கண் எத்தனையில் கூர்மையாக விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிரே ஒரு விளக்கை வைத்து, முன்னால் யூவி ஃபில்டர் மாட்டியும் கழற்றியும் இரண்டு படங்கள் எடுத்தால், மலிவான ஃபில்டர் மேடை விளக்குகளை எப்படிப் போலி ஒளிப்புள்ளிகளாகச் சிதறடிக்கும் என்பது தெரியும். விலை உயர்ந்த லென்ஸுக்கு முன்னால் அத்தகைய கண்ணாடியைப் போடுவதைவிட ஹூட் மட்டும் மாட்டிக்கொள்வது மேல். இந்தச் சோதனைகள் எல்லாம், கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் நடந்துவிட வேண்டும்.